பழைய கடதாசிகளை எரிக்க முன்னர்



நோன்பு நெருங்குகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்து, அலுமாரியை வெளியே இழுத்து, மூலை முடுக்கெல்லாம் துப்புரவாக்கும் காலம். இந்த நாட்களில் எங்கள் ஊர்களில் முற்றத்து ஓரமாக ஒரு சிறு நெருப்பு எரியும். உம்மாவுக்கு வந்த பழைய கடிதக் கட்டு, மூத்தவாப்பாவின் கணக்குக் கொப்பி, புத்தளத்து முகாமில் வைத்திருந்த நிவாரண அட்டை, மூலை கிழிந்த குரூப் போட்டோ எல்லாம் "குப்பை" என்ற ஒரே பெயரில் அதற்குள் போகும்.

அந்த நெருப்பை மூட்ட முன்னர் இதை வாசியுங்கள் என்றுதான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். இரண்டு பத்திரிகையாளர்களின் கதையைச் சொல்லிவிட்டு எங்கள் ஊருக்கு வருகிறோம்.

முதலாமவர் தமிழர். ஏ. கே. செட்டியார். 1911இல் தமிழ்நாட்டின் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் போட்டோக்கலை படித்தார். 1930களில் அவரளவுக்கு ஊர் சுற்றிய தமிழ்ப் பத்திரிகையாளரைக் காண்பது கடினம். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவருடைய புத்தகத்தின் பெயர். கடைசியில் அதுவே அவருடைய பெயராகவும் ஆனது.

1937 ஒக்டோபர் 2ஆம் திகதி நியூயோர்க்கில் இருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 25. பெரிய பணபலமோ அரசாங்க ஆதரவோ இல்லை. ஆனாலும் கண்டம் கண்டமாக அலைந்து, 30 வருடக் காலத்தில் சுமார் 100 படப்பிடிப்பாளர்கள் எடுத்து அங்கங்கே கிடந்த 50,000 அடி பிலிமைத் தேடிச் சேர்த்தார். தென்னாபிரிக்காவில் காந்தி வாழ்ந்த காலத்துக் காட்சிகூட அதில் கிடைத்தது. 1940 ஓகஸ்டில் படம் சென்னையில் திரைக்கு வந்தது. வெள்ளையர் ஆட்சி, அதற்கு மேல் யுத்தகாலம். இந்தியா சுதந்திரம் அடைந்த 1947இல் ஹிந்தி விளக்கத்தோடு டில்லியில் காட்டப்பட்டது. 1950களில் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் ஒரு வடிவம் வந்தது.

அதன் பிறகு படம் காணாமல் போனது. எரிக்கவோ தடைசெய்யவோ யாரும் தேவைப்படவில்லை. பிரதி யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் கழித்து, ஆங்கிலத்தில் சுருக்கப்பட்ட அந்த வடிவம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பது தெரியவந்தது. ஒரு தமிழன் எடுத்த படத்தைப் பார்க்கத் தமிழர்கள் அமெரிக்காவில் போய்த் தேட வேண்டியிருந்தது. தமிழ் விளக்கத்தோடு வந்த மூலப் படம் எங்கே?

இதில் மனதைத் தைப்பது இன்னொன்று. செட்டியார் மற்றவர்களின் எழுத்தைப் பாதுகாப்பதையே தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர். 1943இல் தொடங்கி சுமார் 40 வருடம் அவர் நடத்திய 'குமரி மலர்', பழைய கட்டுரைகளையும் மறந்துபோன எழுத்துக்களையும் தேடித்தேடி மறுபதிப்புச் செய்தது. தமிழில் பழைய காலத்தில் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளையெல்லாம் திரட்டிப் புத்தகமாக்கினார். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்ட மனிதர். 1983இல் காலமானார்.

இரண்டாமவர் வெள்ளைக்காரர், ஆனால் ஆங்கிலேயர் அல்ல. வேல்ஸ் நாட்டவர். கரத் ஜோன்ஸ். 1905இல் பாரி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். வாப்பா பாடசாலை அதிபர். உம்மா இளவயதில் உக்ரைனில், ஒரு வேல்ஸ் தொழிலதிபர் உருவாக்கிய ஊரில், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உம்மா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ரஷ்ய மொழி படித்தது. பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் லொயிட் ஜோர்ஜுக்கு வெளிநாட்டு விவகார ஆலோசகராகவும் வேலை செய்தார்.

1933 மார்ச்சில் ஜோன்ஸ் மொஸ்கோவில் இருந்து ரயிலேறினார். உக்ரைனுக்குள் போய் வழியில் இறங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். கூட வழிகாட்டியும் இல்லை, அரசாங்க அதிகாரியும் இல்லை. சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்புக் கொப்பி, ஒரு பென்சில். எந்த வீட்டில் என்ன சொன்னார்கள், மாடு எத்தனை மிச்சம், ரொட்டி எத்தனை நாளாக இல்லை என்று எழுதிக்கொண்டே போனார். மார்ச் 29ஆம் திகதி பெர்லினில் பத்திரிகையாளரைக் கூட்டி, அங்கே பஞ்சத்தில் மக்கள் சாகிறார்கள் என்று அறிவித்தார். இரண்டே நாளில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் மொஸ்கோ நிருபர் வால்டர் டுரான்டி அதை மறுத்து எழுதினார். டுரான்டி முந்தைய வருடம் புலிட்சர் பரிசு வாங்கிய பெரிய பெயர். ஜோன்ஸோ 27 வயது இளைஞன். உலகம் யாரை நம்பியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? சோவியத் நாட்டுக்குள் மறுபடி நுழைய அவருக்குத் தடை. 1935இல் தூரகிழக்குப் பயணத்தில் மொங்கோலியப் பக்கம் கடத்தப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் விடிந்திருந்தால் 30 வயது.

கவனியுங்கள். மறுத்தவர்களிடம் பெரிய பத்திரிகை, பரிசு, ஓர் அரசாங்கம் எல்லாம் இருந்தன. ஜோன்ஸிடம் இருந்தது அந்தக் கொப்பிகள் மட்டும்தான். மகன் மௌத்தான பிறகு பெற்றோர் அவற்றையும் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் வைத்திருந்தார்கள். பிறகு சகோதரியின் வீட்டில் இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்துச் சகோதரி மகள் அவற்றை எடுத்துப் பார்த்தார், படித்தார், புத்தகம் எழுதினார். இன்று அவை வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 2009இல் அவர் படித்த கேம்பிரிட்ஜில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2019இல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. இலட்சக்கணக்கானோர் செத்த ஒரு பஞ்சத்துக்கு, அதே நாளில், அதே இடத்தில் எழுதப்பட்ட சாட்சியாக அந்தப் பென்சில் எழுத்தை இப்போது உலகம் வாசிக்கிறது.

இருவரும் ஒரே காலத்தவர். இருவரும் உலகம் சுற்றியவர்கள். ஒருவருடைய பெரிய படம் தொலைந்தது. மற்றவருடைய சின்னக் கொப்பி நிலைத்தது. நிலைக்கவைத்தது அவருடைய புகழ் அல்ல. அவர் செத்தபோது அவருக்குப் பெரிய புகழும் இல்லை. ஒரு பெற்றோர், ஒரு சகோதரி, ஒரு மருமகள் என்று மூன்று தலைமுறை வீட்டார் "இது எங்கள் பிள்ளையின் கடதாசி" என்று எறியாமல் வைத்திருந்தார்கள். அதுதான் காரணம்.

இது எங்களுக்குப் புதிய பாடம் இல்லை. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்க முன்னர் எதைக் கேட்கிறோம்? இதை உமக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று இஸ்னாத்தைக் கேட்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுதுவதையும், எழுதியது யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்ட ஒரு சமூகத்தின் வீடுகளில், எழுதிய கடதாசி குப்பையாவது பொருந்தவே இல்லை.

இப்போது எங்கள் கடற்கரைக்கு வருவோம்.

சிலாவத்துறை, கொண்டச்சி, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்ற பெயர்கள் உலகத்துப் புத்தகங்களில் நிறையவே உண்டு. எல்லாம் முத்துக்குளிப்பால் வந்தது. 1803இல் ரொபர்ட் பேர்சிவல் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி இலங்கையைப் பற்றி எழுதிய நூலில் கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பு விரிவாக இருக்கிறது. 1906இல் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வந்த இளம் அதிகாரிகளில் லெனாட் வூல்ஃபும் ஒருவர். பின்னாளில் பெரிய எழுத்தாளரான அவர், அதை வைத்துச் சிறுகதை எழுதினார், சுயசரிதையிலும் எழுதினார். 1905ஆம் வருடக் குளிப்பில் எடுத்த சிப்பி 8 கோடிக்கும் அதிகம் என்ற கணக்கு அரசாங்கப் பதிவில் இருக்கிறது. ஏன் அவ்வளவு துல்லியமாக எண்ணினார்கள் தெரியுமா? தோணியில் வரும் சிப்பியை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்தது. ஒரு பங்குதான் குளித்தவனுக்கு.

சிப்பியை எண்ணினார்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிய மனிதன் என்ன நினைத்தான், எந்த ஊரில் இருந்து வந்தான், அந்த ஒரு பங்கை விற்று யாருக்குக் கல்யாணம் செய்து வைத்தான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் கடற்கரையைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். அவர்கள் எழுதியது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அது பாதிக் கதை. மற்றப் பாதி எங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்திருக்க வேண்டியது.

அந்தப் பெட்டிகளுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் ஆயுத முனையில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரம், மன்னாரில் சில நாட்கள் அவகாசம். கையில் பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா? காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பள்ளிவாசல் கணக்கு, பாடசாலை இடாப்பு, கல்யாணப் பதிவு, போட்டோ என்று ஒரு சமூகத்தின் கடதாசி முழுவதும் பின்னால் நின்றது. மழையும் கறையானும் காடும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

அதன் விலையை 2009க்குப் பிறகு கொடுத்தோம். ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் மரம். அலுவலகத்துக்குப் போனால் உறுதி எங்கே, பெர்மிட் எங்கே, 1990க்கு முன்னர் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்ற கேள்வி. பிறந்து வளர்ந்த மண்ணில் நின்றுகொண்டு, நாங்கள் இங்கே பிறந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பழைய மின்சாரப் பட்டியல், தபால் முத்திரை குத்திய ஒரு கடித உறை, முன்பக்கத்தில் பாடசாலைப் பெயர் எழுதிய ஒரு தேர்ச்சி அறிக்கை எவ்வளவு பெறுமதி என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். தனியாள் ஆவணம் என்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரில் காணிக்காக அலைந்த ஒருவரைக் காட்டுங்கள்.

எங்களுக்குள்ளும் இந்த வேலையைச் செய்த ஒருவர் இருந்தார். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். புவியியல் பேராசிரியர். தன் சனம் அகதியாகப் புத்தளத்தில் கிடந்த காலத்திலேயே, யார் யார் எங்கிருந்து வந்தார்கள், எதை இழந்தார்கள் என்று தகவல் திரட்டத் தொடங்கினார். 2018இல் வஃபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. 2011இல் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. இவை இருப்பதால் இன்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தைக் காட்ட முடிகிறது. ஆனால் ஓர் அறிக்கை எல்லாவற்றையும் சொல்லாது. முகாமில் ஒரு தாய் தன் தம்பிக்கு எழுதிய கடிதம் சொல்வதை அறிக்கை சொல்லாது.

"எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, நாங்கள் என்ன செட்டியாரா, வெள்ளைக்காரனா?" என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். 1980களில் சவூதிக்கும் குவைத்துக்கும் போன எங்கள் பெண்களும் ஆண்களும் கடிதத்துக்குப் பதில் கெசற்றில் பேசி அனுப்பினார்கள். அந்தக் கெசற்றுகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அதில் இருக்கும் பேச்சு, எங்கள் முசலிப் பகுதியின் அந்தக் காலப் பேச்சு. உலகம் சுற்றியவர்கள் எங்களிலும் உண்டு, பாஸ்போட்டில் 'வீட்டுப் பணிப்பெண்' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். வீரகேசரிக்கும் தினகரனுக்கும் செய்தி அனுப்பிய பிராந்திய நிருபர்களின் வீடுகளில் வெட்டி ஒட்டிய கொப்பிகள் இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் பாடக்குறிப்பு. சம்மாட்டிமாரிடம் வாடிக் கணக்கு. பள்ளிவாசல்களில் கூட்டக் குறிப்பு.

இன்னொரு எச்சரிக்கை. பழுதான குர்ஆன் ஏடுகளை மரியாதையாகப் புதைக்கும்போது, அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து போகிறது. அதில் அரபுத்தமிழ்க் கொப்பி ஏதும் இருக்கிறதா என்று வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் புதையுங்கள். எழுத்து அரபு, பேச்சு எங்கள் மூத்தும்மாவின் தமிழ்.

"பழைய காயத்தைக் கிளறாதீர்கள், இப்போதுதான் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறோம்" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் எழுதி வைத்திருப்பது பகை அல்ல. எழுத்தில் இல்லாத இடத்தில்தான் வதந்தி வளரும். முசலியில் எங்களோடு வாழ்ந்த இந்துக்களும் கத்தோலிக்கரும் யுத்தத்தில் ஓடினார்கள், இழந்தார்கள். அவர்களுடைய கடதாசியும் இந்த மண்ணின் கடதாசிதான். எங்கள் பெட்டியைத் திறந்தால், போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அயல் வீட்டுத் தமிழரின் பெயரும் அதில் இருக்கும். அழுகையை மட்டும் பொறுக்கி எடுத்து வைக்காதீர்கள், முழுவதையும் வையுங்கள். ஜோன்ஸின் 1933ஆம் வருட எழுத்துக்களில் உக்ரைன் கிராமமும் இருக்கிறது, அதற்கு ஒரு மாதம் முன்னர் ஹிட்லரோடு ஒரே விமானத்தில் போன கதையும் இருக்கிறது. இரண்டும் இருப்பதால்தான் அந்தக் காலம் எங்களுக்கு விளங்குகிறது.

"எல்லாம் பேஸ்புக்கில் போட்டாயிற்றே" என்பது அடுத்த பதில். கணக்கு முடங்கினால் போட்டோவும் போகும். போன் உடைந்தால் அதுவும் போகும். செட்டியாரின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யார் செய்வது? கோட்டையூருக்கே திரும்பிப் போவோம். செட்டியார் பிறந்த அதே ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பேராசிரியர் அல்ல, பணக்காரரும் அல்ல. பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது சுமார் ஒரு இலட்சம் பொருட்கள் இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே 1994இல் அது ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எங்கள் கருத்தும் இதுதான்: மூலம் எங்கள் மண்ணில் இருக்க வேண்டும், பிரதி எங்கும் போகலாம். ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பார்த்தோம். 97,000 புத்தகங்கள் ஒரே இரவின் நெருப்பில் போயின.

ஆகவே, செய்யக் கூடியது இவ்வளவுதான்:

எறிய முன்னர் பிரியுங்கள். கையால் எழுதியது, முத்திரை குத்தியது, போட்டோ, கெசற்: இந்த நான்கையும் தனியே வையுங்கள்.

லமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், காலம் போக மஞ்சளாகிக் கடதாசியைத் தின்னும். எங்கள் உப்புக் காற்றில் பின்னும் கிளிப்பும் துருப்பிடிக்கும், மெதுவாகக் கழற்றிவிடுங்கள்.

கட்டியிருந்த ஒழுங்கைக் குலைக்காதீர்கள். எது எதோடு இருந்தது என்பதும் ஒரு செய்தி.

தரையில் இருந்து உயர்த்தி, சுவரில் முட்டாமல் மட்டைப் பெட்டியில் வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் வரும்.

பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தரம் குறையும், டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்.

போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருடம், யார் தந்தது. இதுதான் இஸ்னாத். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேளுங்கள். அவர் போன பிறகு அந்தப் போட்டோ வெறும் முகங்கள்தான்.

குடும்ப அந்தரங்கம் இருந்தால் காட்ட வேண்டாம். "இத்தனை வருடத்துக்குத் திறக்கக் கூடாது" என்று உறையில் எழுதி மூடி வையுங்கள். அழிக்க வேண்டாம்.

பிரதி ஒன்று வீட்டில், ஒன்று பாடசாலையில் அல்லது பள்ளிவாசலில், ஒன்று வெளியே. 2005இல் இருந்து இலங்கைத் தமிழ் எழுத்துக்களை இணையத்தில் ஆவணப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் மட்டும் கொடுத்தால் போதாது. நிர்வாகங்கள் மாறும், அலுமாரிச் சாவி தொலையும்.

ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் பங்குக்கு, இந்தத் தவணையில் ஒவ்வொரு மாணவரையும் வீட்டில் இருந்து ஒரே ஒரு பழைய கடதாசியின் கதையை எழுதிவரச் சொல்லப் போகிறோம். கடதாசியைக் கொண்டுவரத் தேவையில்லை, கதை போதும். உங்கள் பிள்ளை வந்து "வாப்பா, இது யாருடைய கையெழுத்து?" என்று கேட்டால் "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள்.

1990இல் விட்டுப் போனது எங்கள் கையில் இல்லை. அதற்குப் பிறகு சேர்ந்தது, முகாமில் சேர்ந்தது, திரும்பி வந்து சேர்த்தது எங்கள் கையில் இருக்கிறது. அது எங்கள் சொத்தல்ல, பிறகு வரும் பிள்ளைகளின் அமானிதம்.

புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் சனத்துக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள். ஊர்ப் பெட்டிகள் பாதி அங்கேதான் இருக்கின்றன.